கணினி கேள்வி-பதில்: கோப்புகள் கெடுகின்றன, பயாஸை மாற்றலாமா?

இந்த முறை டேட்டா கெடுவது, பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கி வைக்கும், மதர்போர்டில் உள்ள நிரல்) அப்டேட் இரண்டையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ஒரு டிஸ்கில் இருந்து இன்னொன்றுக்குப் பெரிய கோப்புகளை காப்பி செய்தால் அவ்வப்போது ஒன்றிரண்டு கெட்டுப்போகின்றன. ஜிப் கோப்பைத் திறந்தால் சி.ஆர்.சி. எரர் (சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்ற பிழை) வருகிறது, வீடியோவில் நடுநடுவே கட்டம் கட்டமாகத் தெரிகிறது. காப்பி ஆகும்போது எந்த எச்சரிக்கையும் இல்லை. இரண்டு டிஸ்குகளும் நல்ல நிலையில் இருப்பதாகத்தான் சோதனை மென்பொருள் காட்டுகிறது. மதர்போர்டின் பயாஸை அப்டேட் செய்தால் சரியாகும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் அது மூன்றாவது வேலை. முதல் வேலை, அந்தக் கம்ப்யூட்டரில் முக்கியமான எதையும் புதிதாக எழுதாமல் நிறுத்துவது. இரண்டாவது, கோப்பு எந்த இடத்தில் கெடுகிறது என்று கண்டுபிடிப்பது.

காப்பி ஆகும்போது எச்சரிக்கை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, நல்ல துப்பு அதுதான். டிஸ்க் ஒவ்வொரு செக்டாரையும் பிழை திருத்தும் குறியீட்டோடு சேர்த்தே எழுதுகிறது. திருத்த முடியாத அளவுக்குக் கெட்டுவிட்டால் 'படிக்க முடியவில்லை' என்று சொல்லுமே தவிர, தப்பான டேட்டாவைச் சரி என்று நீட்டுவது அபூர்வம். சாட்டா கேபிளிலும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இணைப்பிலும் சி.ஆர்.சி. சரிபார்ப்பு உண்டு, வழியில் ஒரு பிட் மாறினால் மறுபடி அனுப்பச் சொல்லிவிடும். சாதாரண டெஸ்க்டாப்பில் இந்த மாதிரி முழுக் காவல் இல்லாமல் கிடப்பது ரேம்தான். கோப்பு ரேமில் நிற்கும்போது ஒரு பிட் புரண்டுவிட்டால், டிஸ்க் அந்தத் தப்பான பைட்டுக்கே ஒழுங்கான குறியீடு போட்டு எழுதி வைத்துவிடும். டிஸ்க் சோதனையில் எல்லாம் பச்சையாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

டி.டி.ஆர்.5 ரேமில்தான் 'ஆன்-டை இ.சி.சி.' இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது ரேம் சிப்புக்குள் நடக்கும் பிழையைத் திருத்தும். ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதையை அது கவனிப்பதே இல்லை.

சோதனைக்கு ரேமின் அளவைவிடப் பெரிய ஒரு கோப்பு வேண்டும். 16 ஜி.பி. ரேம் என்றால் 30 ஜி.பி. கோப்பு. பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹேஷ்' என்ற கட்டளை இருக்கிறது. அதைக் கொண்டு அந்தக் கோப்பின் ஷா-256 ஹேஷை (கோப்பில் ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) ஐந்து முறை எடுத்து எழுதி வையுங்கள். ஏன் அவ்வளவு பெரிய கோப்பு? ஒருமுறை படித்த கோப்பை விண்டோஸ் ரேமிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த முறை அங்கிருந்தே கொடுத்துவிடும். சின்னக் கோப்பாக இருந்தால் நீங்கள் டிஸ்கைப் படிப்பதாக நினைத்துக்கொண்டு ஒரே ரேம் பக்கத்தையே ஐந்து முறை படித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஐந்து தடவையும் ஒரே கோப்புக்கு ஹேஷ் மாறி மாறி வந்தால், படிக்கும்போதே கெடுகிறது. ரேம், பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர், பிராசசரின் கோர் ஆகிய மூன்றில் ஒன்றின் வேலை. அசல் கோப்பின் ஹேஷ் மாறாமல் இருந்து, காப்பியின் ஹேஷ் மட்டும் வேறாக, ஆனால் எப்போது எடுத்தாலும் ஒரே மாதிரி வந்தால், எழுதும் வழியில் கெட்டுவிட்டது. அப்போதும் முதல் சந்தேகம் ரேம் மேல்தான். காப்பியின் ஹேஷ் தப்பாக வந்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்த பிறகு சரியாக வருகிறதா? அப்படியானால் டிஸ்கில் இருப்பது நல்ல கோப்பு. ரேமில் நின்ற நகல்தான் கெட்டது.

அடுத்து ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள். பென் டிரைவில் போட்டு, விண்டோஸ் இல்லாமல் அதிலிருந்தே பூட் செய்ய வேண்டும். இலவசப் பதிப்பில் நான்கு சுற்று ஓடும். நான்கையும் ஓட விடுங்கள், இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். இங்கே 'ஒரே ஒரு பிழைதானே' என்ற பேச்சுக்கு இடமில்லை, ஒன்று வந்தாலும் தோல்விதான்.

பிழை வந்தால் உடனே ரேமைத் தூக்கிப் போடாதீர்கள். பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்று இருக்கும் ரேம் வேக புரொஃபைலை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இந்த புரொஃபைல்கள் உண்மையில் ஓவர்கிளாக்கிங்தான், அதாவது இயல்பைவிட வேகமாக ஓட்டுவது. டி.டி.ஆர்.4-இன் இயல்பான வோல்டேஜ் 1.2; எக்ஸ்.எம்.பி. போட்டதும் பெரும்பாலும் 1.35 ஆகிவிடும். ரேம் பெட்டியில் அச்சடித்த வேகம் ரேம் தாங்கும் வேகம். உங்கள் பிராசசரின் கன்ட்ரோலர் அதைத் தாங்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. நான்கு ஸ்லாட்டிலும் ரேம் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ரைசன் 7000 வரிசையில் இரண்டு ரேமுக்கு 5200 வரை என்று குறிப்பிடும் ஏ.எம்.டி., நான்கு போட்டால் 3600 என்றுதான் குறிப்பிடுகிறது.

புரொஃபைலை அணைத்தால் பிழை வரவில்லை, போட்டால் வருகிறது என்றால், பயாஸ் அப்டேட்டுக்கு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு ரேமுக்கும் நேரக்கணக்குகளையும் வோல்டேஜையும் தேடிப் பொருத்துகிற 'மெமரி டிரெய்னிங்' நிரல் பயாஸுக்குள்தான் இருக்கிறது, அது பதிப்புக்குப் பதிப்பு மேம்படுகிறது. அணைத்த பிறகும் பிழை வந்தால், ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாக, பிராசசரில் இருந்து இரண்டாவதாக உள்ள ஸ்லாட்டில் மட்டும் போட்டுச் சோதியுங்கள். பிழை குறிப்பிட்ட ஒரு ரேமோடு கூடவே போனால் அதை மாற்றுங்கள். எந்தப் பயாஸாலும் அதைக் குணப்படுத்த முடியாது.

கேள்வி: பயாஸ் அப்டேட் செய்து டேட்டா கெடுவது நின்றது என்று உண்மையில் எப்போதாவது நடந்திருக்கிறதா? இல்லை, பொத்தாம்பொதுவாகச் சொல்லும் யோசனையா?

பதில்: நடந்திருக்கிறது. 2001-இல் வியா நிறுவனத்தின் 686பி என்ற சவுத்பிரிட்ஜ் சிப் (டிஸ்க் போன்றவற்றின் இணைப்புகளைக் கவனிப்பது) இருந்த மதர்போர்டுகளில், சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டும் கூட இருந்தால், இரண்டு ஐ.டி.இ. சேனல்களுக்கு (அன்றைய டிஸ்க் இணைப்புகள்) இடையே பெரிய கோப்புகளை காப்பி செய்யும்போது டேட்டா கெட்டது. பி.சி.ஐ. பஸ்ஸின் சில செட்டிங்குகளை மாற்றும் பயாஸ் அப்டேட்டுகளும் டிரைவர் பேட்சும் வந்த பிறகுதான் அடங்கியது.

2007 இறுதியில் வந்த ஏ.எம்.டி. ஃபினோம் பிராசசர்களில் மெமரி முகவரிகளை நினைவில் வைக்கும் டி.எல்.பி. என்ற பகுதியில் ஒரு குறை. குறிப்பிட்ட சூழலில் கம்ப்யூட்டர் உறையும், டேட்டாவும் கெடலாம். பயாஸ் வழியாக ஒரு மாற்றுவழி கொடுத்தார்கள். குறை மறைந்தது, வேகமும் கண்கூடாகக் குறைந்தது. சரியான தீர்வு அடுத்த ஆண்டு வந்த பி3 என்ற திருத்திய சிப்தான்.

அண்மைக் கதை இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள். தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறி, நாளடைவில் சிப்பே தேய்ந்துபோகும் சிக்கல். அடையாளங்கள் விசித்திரமானவை: ஜிப் பிரிக்கும்போது பிழை, கிராபிக்ஸ் டிரைவர் நிறுவ மறுப்பது, விளையாட்டுகளில் 'வீடியோ மெமரி போதவில்லை' என்ற செய்தி. கிராபிக்ஸ் கார்டில் ஒரு குறையும் இருக்காது. 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி, 2025-இல் 0எக்ஸ்12எஃப் என்று மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் நிரல்) திருத்தங்கள் வந்தன. எல்லாம் மதர்போர்டு நிறுவனங்களின் பயாஸ் வழியாக. உங்களிடம் இந்தத் தலைமுறை இருந்தால் தயங்கவே வேண்டாம், அப்டேட் செய்யுங்கள். பயாஸில் 'இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ்' என்பதையும் தேர்ந்தெடுங்கள். ஆனால் ஏற்கெனவே தேய்ந்த பிராசசரை இந்தத் திருத்தம் மீட்காது. அப்டேட்டுக்குப் பிறகும் பிழை தொடர்ந்தால் பிராசசரை மாற்றித்தான் ஆக வேண்டும். இன்டெல் இந்த மாடல்களுக்கு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்திருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

எதிர் உதாரணமும் ஒன்று. 2011 ஜனவரி இறுதியில் இன்டெல் தன் 6 சீரிஸ் சிப்செட்டில், 3 ஜிகாபிட் சாட்டா போர்ட்டுகள் காலப்போக்கில் பலவீனமாகும் என்று அறிவித்தது. குறை சிப்பின் டிரான்சிஸ்டர் மட்டத்தில் இருந்ததால் பயாஸால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மதர்போர்டுகளையே மாற்றிக் கொடுத்தார்கள். 6 ஜிகாபிட் போர்ட் இரண்டுக்கும் பாதிப்பில்லை என்பதால், டிஸ்குகளை அவற்றுக்கு மாற்றிச் சமாளித்தவர்களும் உண்டு.

ஆகவே உங்கள் மாடலின் டவுன்லோடு பக்கத்தில், ஒவ்வொரு பதிப்புக்கும் கீழே உள்ள மாற்றக் குறிப்பைப் படியுங்கள். 'மெமரி கம்பாட்டிபிலிட்டி', 'யு.எஸ்.பி. ஸ்டெபிலிட்டி', 'மைக்ரோகோடு', 'அஜீசா' (பயாஸுக்குள் இருக்கும் ஏ.எம்.டி.யின் நிரல்) என்ற சொற்கள் கண்ணில் பட்டால் விஷயம் இருக்கிறது. புதிய பிராசசருக்கு ஆதரவு என்று மட்டும் இருந்தால் அவசரமில்லை.

கேள்வி: கம்ப்யூட்டரே நம்பும்படி இல்லை. இந்த நிலையில் பயாஸ் அப்டேட் செய்வது ஆபத்தில்லையா? படிப்படியாகச் சொல்லுங்கள்.

பதில்: ஆபத்துதான். பயாஸ் கோப்பும் அதே ரேம் வழியாகத்தான் ஃபிளாஷ் சிப்புக்குப் போகிறது. அப்டேட் கருவி கையொப்பத்தைச் சரிபார்க்கும் என்றாலும், சரிபார்த்த பிறகு ஒரு பிட் புரண்டால் காப்பாற்ற ஆளில்லை. அதனால் டவுன்லோடையும் பென் டிரைவ் தயாரிப்பையும் வேறு நல்ல கம்ப்யூட்டரில் செய்யுங்கள். விண்டோஸுக்குள் இருந்து ஓடும் அப்டேட் மென்பொருளைத் தொடவே வேண்டாம்.

முதலில் மாடல். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் தட்டினால் மதர்போர்டு பெயரும் தற்போதைய பயாஸ் பதிப்பும் தேதியும் தெரியும். பெயர் ஒன்றாக இருந்து ரிவிஷன் எண் மட்டும் மாறும் போர்டுகள் உண்டு. கிகாபைட்டில் 'ரெவ் 1.0', 'ரெவ் 1.2' என்று போர்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும். கேபினெட்டைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். வைஃபை உள்ள மாடலுக்கும் இல்லாததற்கும் தனித்தனிக் கோப்பு இருக்கலாம். சில போர்டுகளில், புதிய பதிப்புக்குப் போகும் முன் நடுவில் ஒரு பதிப்பைக் கட்டாயம் போட வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். பழைய ஏ.எம்.4 போர்டு என்றால், பிராசசர் ஆதரவுப் பட்டியலையும் பாருங்கள்: 16 எம்.பி. சிப்பில் இடம் போதாமல் சில பதிப்புகளில் பழைய பிராசசர்களின் ஆதரவை எடுத்துவிட்டார்கள்.

அடுத்தது பிட்லாக்கர், விண்டோஸின் டிஸ்க் பூட்டு. 'நான் போடவே இல்லையே' என்பீர்கள். பல லேப்டாப்களில் விண்டோஸ் தானாகவே 'டிவைஸ் என்கிரிப்ஷன்' போட்டுவிடுகிறது. பயாஸ் மாறியதும் அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் டி.பி.எம். சிப் சந்தேகப்பட்டு, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்யுங்கள். முழுவதுமாக எடுக்கத் தேவையில்லை.

பிறகு பயாஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் படம் எடுங்கள். மிக முக்கியமானவை மூன்று: சாட்டா மோடு ஏ.எச்.சி.ஐ.யா ரெய்டா, இன்டெலில் வி.எம்.டி. (டிஸ்குகளை நிர்வகிக்கும் வசதி) ஆன்-ஆ ஆஃப்-ஆ, சி.எஸ்.எம். (பழைய பூட் முறைக்கு ஆதரவு) ஆன்-ஆ ஆஃப்-ஆ. அப்டேட் ஆனதும் இவை எல்லாமே தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். டேட்டா டிஸ்குகளின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டால் இன்னும் நிம்மதி.

இப்போது பயாஸில் 'லோடு ஆப்டிமைஸ்டு டீஃபால்ட்ஸ்' கொடுத்துச் சேமியுங்கள். எக்ஸ்.எம்.பி.யும் ஓவர்கிளாக்கிங்கும் போய், ரேம் தன் இயல்பான வேகத்துக்கு இறங்கும். கெட்ட ரேம் எது என்று ஏற்கெனவே தெரிந்தால் அதை எடுத்துவிட்டு நல்ல ஒன்றை மட்டும் வைத்து ஃபிளாஷ் செய்யுங்கள். இந்த ஒரு படியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள்.

பென் டிரைவ் ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்யப்பட்டிருக்க வேண்டும். ஜிப்பைப் பிரித்து உள்ளே இருக்கும் கோப்பை, எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வெளியிலேயே வையுங்கள். நிறுவனம் ஹேஷ் எண் கொடுத்திருந்தால் ஒப்பிடுங்கள். ஆசூஸில் ஈ.இசட். ஃபிளாஷ், எம்.எஸ்.ஐ.யில் எம்-ஃபிளாஷ், கிகாபைட்டில் க்யூ-ஃபிளாஷ், ஆஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃபிளாஷ். பெயர்தான் வேறு, வேலை ஒன்றே. யு.பி.எஸ். இருந்தால் அதில் செருகுங்கள். லேப்டாப் என்றால் பேட்டரியும் சார்ஜரும் இரண்டும் வேண்டும்.

முடிந்ததும் முதல் பூட் பயமுறுத்தும். டி.டி.ஆர்.5 போர்டுகளில் டிரெய்னிங் புதிதாக நடப்பதால் பல நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம், ஒன்றிரண்டு முறை தானே அணைந்து எரியலாம். பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். போர்டில் 'டி-ரேம்' என்ற விளக்கு எரிந்தால் டிரெய்னிங் நடக்கிறது என்று அர்த்தம், கால் மணி நேரமாவது விடுங்கள். ஏ.எம்.டி. கம்ப்யூட்டரில் 'எஃப்.டி.பி.எம்.-ஐ (பிராசசருக்குள் இருக்கும் டி.பி.எம்.) ரீசெட் செய்ய ஒய் அழுத்தவும்' என்று கேட்டால், கையில் மீட்பு எண் இல்லாதவர்கள் ஒய் (Y) அழுத்தக் கூடாது, என் (N) அழுத்துங்கள்.

விண்டோஸ் வந்ததும் எக்ஸ்.எம்.பி.யைப் போட்டுவிடாதீர்கள். முதலில் இயல்பு வேகத்தில் மெம்டெஸ்ட், அதே பெரிய கோப்பின் ஹேஷ். அது தேறினால் எக்ஸ்.எம்.பி. போட்டு மறுபடி. ஏ.எம்.5 போர்டில் 'மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்' என்றொரு செட்டிங் உண்டு. அது பழைய டிரெய்னிங் கணக்கையே வைத்துக்கொண்டு வேகமாகப் பூட் ஆக வைக்கும். பிழை அங்கிங்கு எட்டிப் பார்த்தால் அதை அணைத்துச் சோதியுங்கள். பூட் தாமதமாகும், அவ்வளவுதான்.

கேள்வி: அப்டேட் நல்லபடியாக முடிந்தது. ஆனால் விண்டோஸ் தொடங்கும்போது நீலத்திரையில் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று வந்து நின்றுவிடுகிறது. டிஸ்கை ஃபார்மேட் செய்யச் சொல்கிறார்கள்.

பதில்: வேண்டவே வேண்டாம். டேட்டா பத்திரமாக இருக்கிறது. அதை எடுக்கும் வழி மாறிவிட்டது. விண்டோஸை நிறுவியபோது ரெய்டு அல்லது வி.எம்.டி. நிலையில் இருந்திருக்கும், அப்டேட் அதை ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றியிருக்கும். பழையபடி வையுங்கள். மாறாக, 'பூட் டிவைஸே இல்லை' என்று வந்தால் பழைய எம்.பி.ஆர். முறையில் நிறுவிய விண்டோஸாக இருக்கும், சி.எஸ்.எம்.-ஐ ஆன் செய்தால் வரும்.

ரெய்டில் இரண்டு டிஸ்குகளைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்குத் தனி எச்சரிக்கை. மோடு மாறிய நிலையில் வேறு டிஸ்கில் இருந்து விண்டோஸ் பூட் ஆகிவிட்டால், ரெய்டு டிஸ்குகளைப் பார்த்து 'இனிஷியலைஸ் செய்யவா' என்று கேட்கும். ஓகே கொடுத்தால் பார்ட்டிஷன் அட்டவணையின் மேலேயே எழுதிவிடும். கேன்சல் அழுத்திவிட்டு, பயாஸுக்குப் போய் மோடை மாற்றுங்கள்.

கேள்வி: தினமும் தேதி 2015 அல்லது 2020 என்று பின்னால் போய்விடுகிறது. சில நாள் பூட் ஆவதில்லை. பயாஸ் கெட்டுவிட்டதா?

பதில்: பேட்டரி. சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரியை மாற்றுங்கள். அது இறங்கினால் தேதியோடு சாட்டா மோடும் மறந்துபோகும், மேலே சொன்ன நீலத்திரையும் வரும். இதற்காகப் பயாஸ் அப்டேட் செய்வது வீண்.

கேள்வி: யு.எஸ்.பி. வெளி டிஸ்க் காப்பி ஆகும் நடுவிலேயே துண்டிக்கப்பட்டு மறுபடி வருகிறது. பிறகு பார்த்தால் ஃபோல்டர்களே காணோம். பயாஸ் சம்பந்தம் உண்டா?

பதில்: இருக்கலாம். ஏ.எம்.டி.யின் 500 சீரிஸ் சிப்செட் போர்டுகளில் யு.எஸ்.பி. விட்டுவிட்டுத் துண்டாகும் குறையை அந்த நிறுவனமே 2021-இல் ஒப்புக்கொண்டு, அஜீசா 1.2.0.2 என்ற பதிப்பில் திருத்தம் கொடுத்தது. உங்களுடையது அந்த வகைப் போர்டு, பயாஸ் அதற்கு முந்தையது என்றால் அப்டேட் செய்யுங்கள். அதுவரை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வேகத்தை ஜென் 3-க்குக் குறைத்து வைப்பது தற்காலிக வழி.

மற்றவர்களுக்கு, கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டை விட்டுவிட்டுப் பின்னால் போர்டோடு இணைந்த போர்ட்டில் நேரே செருகுங்கள், குட்டையான கேபிள் போடுங்கள். 3.5 அங்குல டிஸ்க் என்றால் அதன் அடாப்டரையும் சந்தேகியுங்கள். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது மின்சாரம் அதிகம் இழுக்கும், பலவீனமான அடாப்டர் அங்கேதான் கைவிரிக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்த டிஸ்குக்கு 'குயிக் ரிமூவல்' நிலையை வைத்தால், துண்டிக்கப்பட்டாலும் இழப்பு குறையும்.

உள்ளே இருக்கும் சாட்டா டிஸ்க் என்றால் ஸ்மார்ட் (டிஸ்க் தானே வைத்துக்கொள்ளும் உடல்நலக் கணக்கு) பட்டியலில் 199ஆம் எண்ணைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் கேபிள்தான். 5, 197, 198 ஏறினால் டிஸ்க். ஈவென்ட் வியூவரில், வன்பொருள் பிழைகளைப் பதியும் 'வீயா-லாகர்' (WHEA-Logger) நிகழ்வு 17 நிறைய வந்தால் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இணைப்பில் சிக்கல். என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.யைக் கழற்றித் திரும்பப் பொருத்துங்கள், ரைசர் கேபிள் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே கெட்ட கோப்புகளை எப்படிச் சரி செய்வது? செக் டிஸ்க் ஓட்டலாமா?

பதில்: ரேம் தேறியது என்று உறுதியாகும் முன் ஓட்டாதீர்கள். செக் டிஸ்க் தான் படித்ததை நம்பித்தான் திருத்துகிறது. கெட்ட ரேம் வழியாகப் படித்தால், நல்ல அட்டவணையைக் கெட்டது என்று நினைத்து 'சரி செய்து' ஃபோல்டர்களைத் துண்டு துண்டாக்கிவிடும். டேட்டா டிஸ்கைக் கழற்றி நல்ல கம்ப்யூட்டரில் மாட்டி, முக்கியமானதை முதலில் வேறொரு டிஸ்குக்கு எடுங்கள். அங்கேயே செக் டிஸ்கை எந்தத் திருத்தமும் கேட்காமல், வெறும் பார்வை நிலையில் ஓட்டி, என்ன சொல்கிறது என்று படியுங்கள். பிறகு திருத்தம்.

விண்டோஸின் சொந்தக் கோப்புகளுக்கு முதலில், அவற்றின் நகல் கிடங்கைச் சரி செய்யும் டிஸ்ம் கட்டளையின் 'ரீஸ்டோர் ஹெல்த்', அது முடிந்தபின் எஸ்.எஃப்.சி. ஸ்கேன். வரிசையை மாற்றினால், எஸ்.எஃப்.சி. கெட்ட கிடங்கில் இருந்தே மாற்றுக் கோப்பை எடுக்கப் பார்க்கும்.

புரண்ட ஒரு பிட்டைக் கண்டுபிடித்துத் திருப்பித் தரும் மந்திரம் எதுவும் இல்லை. பழைய பேக்கப்தான் வழி. கோப்புகள் கெடத் தொடங்கிய காலத்தில் எடுத்த பேக்கப்பும் அதே ரேம் வழியாகத்தான் போயிருக்கும். ஆகவே பழைய பேக்கப்பின் மேல் புதியதை எழுதாதீர்கள்; கிளவுட் சிங்க்கை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் கெட்ட கோப்பு நல்லதின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். இருக்கிற ஜிப், ரார் கோப்புகளில் 'டெஸ்ட்' என்ற வசதி உண்டு. அதை ஓட்டினால் கெட்டது எது என்று பிரித்துவிடலாம். லினக்ஸில் பி.டி.ஆர்.எஃப்.எஸ். அல்லது இசட்.எஃப்.எஸ். கோப்பு முறை வைத்திருப்பவர்களுக்கு 'ஸ்கிரப்' கட்டளை இந்த வேலையை ஒரே ஓட்டத்தில் செய்துவிடும். எழுதும் முன்பே ரேமில் கெட்டுப்போன டேட்டாவை மட்டும் அதாலும் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: மதர்போர்டு ஃபர்ம்வேர் (அதாவது பயாஸ்), எஸ்.எஸ்.டி. ஃபர்ம்வேர் இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை, தனித்தனி; ஒன்றை அப்டேட் செய்தால் மற்றது மாறாது. எஸ்.எஸ்.டி. பக்கக் குறைகளும் வரலாற்றில் நிறைய. குரூஷியல் எம்4 மொத்தம் 5,184 மணி நேரம் ஓடியதும் மணிக்கொரு முறை காணாமல்போக ஆரம்பித்தது, 2012 ஜனவரியில் திருத்தம் வந்தது. 2019-இல் எச்.பி.இ. தன் சர்வர் எஸ்.எஸ்.டி.கள் சில 32,768 மணி நேரத்தில் மொத்தமாகச் செயலிழக்கும் என்று எச்சரித்து அவசர ஃபர்ம்வேர் கொடுத்தது. டிஸ்க் திடீரென்று மறைவது, எழுத மறுத்துப் படிக்க மட்டும் விடுவது போன்றவை நடந்தால் எஸ்.எஸ்.டி. நிறுவனத்தின் கருவியைப் பாருங்கள். பேக்கப் எடுத்த பிறகு.

கேள்வி: அப்டேட் ஆகும்போது கரன்ட் போய்விட்டது. இப்போது ஃபேன் மட்டும் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை.

பதில்: போர்டின் பின்பக்கம் 'பயாஸ் ஃபிளாஷ்பேக்', 'ஃபிளாஷ் பயாஸ்', 'க்யூ-ஃபிளாஷ் பிளஸ்' என்று ஏதாவது பட்டன் இருந்தால் பிழைத்தீர்கள். பிராசசரோ ரேமோ வேலை செய்யாவிட்டாலும் இது ஓடும். 24 பின், 8 பின் மின் கேபிள்கள் மட்டும் செருகியிருந்தால் போதும். பென் டிரைவில் பயாஸ் கோப்பை நிறுவனம் சொல்லும் பெயருக்கு மாற்றி வைக்க வேண்டும். எம்.எஸ்.ஐ. என்றால் நிறுவனத்தின் பெயரே கோப்பின் பெயர், நீட்டிப்பு 'ரோம்'. ஆசூஸ் தன் ஜிப்புக்குள்ளேயே பெயர் மாற்றும் சிறு கருவியைத் தருகிறது. விண்டோஸ் நீட்டிப்பை மறைத்துக் காட்டும் என்பதால், நீங்கள் மாற்றியது இரட்டை நீட்டிப்பாகப் போயிருக்கலாம். எக்ஸ்ப்ளோரரில் நீட்டிப்பைக் காட்டச் சொல்லிச் சரிபாருங்கள். இந்த வேலைக்கென்று குறியிட்ட யு.எஸ்.பி. போர்ட் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அதில் செருகிப் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். விளக்கு மினுக்கி மினுக்கி, சில நிமிடத்தில் அணையும். மினுக்காமல் அப்படியே எரிந்துகொண்டிருந்தால் கோப்பைப் படிக்கவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் பெயர் தப்பு, அல்லது பென் டிரைவ் ஃபேட்32 இல்லை.

பட்டன் இல்லாத போர்டில், இரட்டைப் பயாஸ் இருந்தால் மாற்றுச் சிப்புக்குத் தானாகவோ சுவிட்ச் மூலமோ மாறும். அதுவும் இல்லையென்றால் ஃபிளாஷ் சிப்பில் நேரே கிளிப் மாட்டி எழுதும் புரோகிராமர் வேண்டும். தெரிந்தவரிடம் கொடுக்கும்போது சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள், 1.8 வோல்ட் சிப்பில் 3.3 கொடுத்தால் அது எரிந்துவிடும்.